பசவப்பா, ஆண், வயது எண்பது

போன வாரம் உங்கள் புற்றுநோய்ப் பதிவேட்டுப் பயிற்சி அறையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண் ஒரு கேஸைப் பதிந்துகொண்டிருந்தாள். நோயாளியின் வயதும் கட்டியின் வகையும் ஒத்துப்போகவில்லை என்று திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. அவள் வயதை மாற்றினாள். சிவப்பு மறைந்தது. அடுத்த கேஸுக்குப் போய்விட்டாள். மொத்தம் நாலு வினாடி இருக்கும்.

வெளியே வந்து காப்பி வாங்கிக் குடித்தேன். அவளைக் கண்டிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வருஷமே நானும் இதைச் செய்தவள்தான். அதன் விளைவாக ஓர் ஆஸ்பத்திரி முழுவதும், மாலையும் பொன்னாடையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஓர் உழவு மாட்டுக்காகக் காத்திருந்தது.

சிரிப்பீர்கள். சிரியுங்கள். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் எப்போதும் மாட்டோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து, தெரிந்த போதகர் ஒருவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே பெங்களூர் ரோட்டோரம் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தேன். இப்போது கம்பெனிச் சுவர்களாக நிற்கிற இடமெல்லாம் அப்போது ராகிக் கொல்லை. வார்டில் ஒரு கட்டிலில் தமிழ் கேட்கும், அடுத்ததில் தெலுங்கு, அதற்கடுத்ததில் கன்னடம். சிலர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்த் தமிழ் ஒன்றுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கென்று ஓர் அட்டைப் பதிவேடு தொடங்கியிருந்தார்கள். வெட்டி எடுத்த கட்டிகள் எங்கள் லேப்புக்கு வரும். வெளியூர் டாக்டர்களும் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன வகை என்று எழுதுவார். நான் எண் புத்தகத்தைப் பிரித்து, அந்த வகைக்குரிய எண்ணையும், அது சாதுவா பொல்லாததா என்று சொல்லும் கடைசி இலக்கத்தையும் அட்டையில் போடுவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளிக்குக் கடிதம் எழுதி, உயிரோடு இருக்கிறாரா, வேலை வெட்டி பார்க்கிறாரா என்று கேட்போம். எல்லாவற்றின் நகலும் மாதா மாதம் நகரத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

டாக்டரம்மா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், குறைவாகப் பேசுவார். லேப்பில் அவருக்கு உதவியாளர் சின்னப்பன், உள்ளூர்க்காரர், நாற்பது வயதுக்கு மேல். எங்கள் இருவருக்கும் மேலே ஆபீஸ் சூப்பிரண்டு. அவருக்கு எந்தக் காகிதமும் திரும்பி வரக் கூடாது. தலைமை அலுவலகம் ஓர் அட்டையைக் கேள்வியோடு திருப்பி அனுப்பினால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் லேப் வாசலில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் வந்து நின்றார். பெயர் வெங்கடப்பா, ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரத்தில் விவசாயம். கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ளே ஸ்பிரிட்டில் ஒரு சதைத் துண்டு. அதோடு வந்த டாக்டர் சீட்டு, பாட்டில் பஸ்ஸில் ஒழுகியதால் ஊறிப்போய், மை கரைந்திருந்தது. பசவப்பா, ஆண், எட்டு என்பது தெரிந்தது. வலது பக்கம் ஏதோ ஒன்றின் அடியில் வளர்ச்சி என்பது தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று இருந்த இடத்திலும் டாக்டரின் கையெழுத்து இருந்த இடத்திலும் ஊதாக் கறைதான்.

"பசவப்பா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"நம்மூட்டுப் பையன் மாதிரிங்கம்மா."

"வயசு எட்டுதானா?"

"எட்டு இருக்குமுங்க. பல்லு பூரா போட்டுடுச்சு."

"கட்டி எங்க இருந்துச்சு?"

அவர் தன் வலது காதுக்கு மேலே தொட்டுக் காட்டினார். "இங்கங்க. ரத்தமா ஒழுகிட்டே இருந்துச்சு. தளி டாக்டரு அறுத்துட்டாரு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வான்னாரு."

"பையனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பஸ்ல எப்படிங்கம்மா ஏத்துறது?"

அவ்வளவு முடியாமல் கிடக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு மனசு இளகிவிட்டது. "சாப்பிடுறானா?"

"தீனிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க."

அந்தப் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாக 'அது' என்பார்கள். ஆகவே எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு என் மேஜைக்கே வந்தார். தோலின் செதில் செல்களில் வரும் புற்று. சந்தேகமில்லாமல் பொல்லாதது.

"எஸ்தர், இது வயசானவங்களுக்கு வர்ற சமாசாரம். எட்டு வயசுப் பையனுக்கு வர்றதை நான் பார்த்ததில்லை. அனுப்பின டாக்டருக்கு எழுதிக் கேளு," என்றார்.

தளிக்கு எழுதிப் பதில் வர இரண்டு வாரம் ஆகும். அந்த மாதத்து அட்டைக்கட்டு அன்று சாயங்காலத் தபாலில் போக வேண்டும். சூப்பிரண்டு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். நான் அந்தச் சீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறை. சரியாக ஒரு சைபர் அகலம்.

எண்பது. அவ்வளவுதான். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டது. பல்லு பூரா போட்டுடுச்சு என்றால் கொட்டிப்போய்விட்டது என்று அர்த்தம். வயதான தகப்பனைத்தான் வீட்டுப் பையன் மாதிரி என்றிருக்கிறார். எண்பது வயதுக்காரரைப் பஸ்ஸில் எப்படி ஏற்றுவது? எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்துவிட்டது. சைபரைப் போட்டேன்.

"விசாரிச்சியா?" என்று டாக்டரம்மா மறுநாள் கேட்டார்.

"எண்பதாம், டாக்டர்," என்றேன்.

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் கவனிக்கவில்லை, வேறு வேலையில் இருந்தார். கவனிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஆறு மாதம் கழித்து, திரு. பசவப்பா அவர்கள் என்று விலாசமிட்டு முதல் கடிதம் அனுப்பினேன். அழகான கையெழுத்தில் பதில் வந்தது. எழுதியவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். 'திரு. பசவப்பா நலமாக இருக்கிறார். காயம் ஆறிவிட்டது. தினமும் ஏர் உழுகிறார். வாரம் ஒருமுறை மூட்டைகளைத் தளிக்கு இழுத்துச் செல்கிறார்.' பிறகு அந்த ஆசிரியரிடமே கேட்டேன், ஏன் சார் அப்படி எழுதினீர்கள் என்று. "நீங்க திரு, அவர்கள்னு மரியாதையா கேட்டிருந்தீங்க. அதே மரியாதையில பதில் சொல்றதுதானே முறை?" என்றார். ஆஸ்பத்திரியில் மாட்டுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

இரண்டாவது பதில் இன்னும் விவரமாக இருந்தது. 'முன்போலவே உழைக்கிறார். வேகவைத்த கொள்ளு விரும்பிச் சாப்பிடுகிறார். சில நாளாகத் தலையைக் கம்பத்தில் தேய்க்கிறார்.' நான் அட்டையில் எழுதினேன்: வேலை செய்கிறார், லேசான தலைவலி.

இந்த அட்டை தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய அதிகாரியின் கண்ணில் பட்டது. எண்பது வயது, தலையில் பொல்லாத புற்று, அறுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ஆள் ஏர் உழுகிறார். அவர் தன் கைப்பட எழுதியிருந்தார். இந்தப் பெரியவரை நேரில் பார்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், ராகியும் கொள்ளும் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும், இன்ன தேதி வருகிறேன் என்று.

சூப்பிரண்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிருஷ்ணகிரிக்கு ஆள் அனுப்பிப் பொன்னாடை வாங்கினார். 'புற்றை வென்ற பெரியவர் பசவப்பா அவர்களே வருக' என்று துணியில் எழுதச் சொன்னார். வெங்கடப்பாவுக்கு ஒரு கடிதம்: தங்கள் இல்லத்துப் பசவப்பா அவர்களை அன்று காலை பத்து மணிக்கு எப்படியாவது அழைத்து வரவும், மரியாதை செய்யப்படும்.

முந்தின நாள் சின்னப்பன் அந்தத் துணியை வாசலில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துக் கீழே இறங்கி, "யாருங்க எஸ்தரம்மா இவரு?" என்றார். நான் பெருமையோடு அந்த இரண்டு பதில்களையும் எடுத்துக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாவதைத் திரும்ப ஒருமுறை படித்தார்.

"மனுசன் எதுக்குங்க தலையைக் கம்பத்துல தேய்க்குறான்?"

"தலைவலியா இருக்கும்."

"பசவான்னா கன்னடத்துல என்னன்னு தெரியுமுங்களா?"

"பேரு."

"பேரும்தாங்க. காளைமாடும்தாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தப் பழைய பாட்டிலைத் தேடி எடுத்து வந்தார். மிச்சத் துண்டு அதில் இருந்தது. ஓரத்தில் கருப்பாக, தடியாக, நகம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு இதை வெட்டுறப்போ இந்த ஓரத்துல பிளேடு இறங்கல. அதனால நல்ல சதையா பார்த்து டாக்டரம்மாவுக்குக் கொடுத்தேன். கொம்பு மாதிரி இருக்குதேன்னு நினைச்சேங்க."

"ஏன் சொல்லல?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள நீங்க எண்பது வயசுப் பெரியவருன்னு எழுதிட்டீங்க. வயசானவங்களுக்கு நகம் இப்படித்தான் ஆயிடும்னு விட்டுட்டேன்."

தலையில் எப்படி நகம் என்று அவரும் யோசிக்கவில்லை. நான் எழுதிய எண்பது அவர் வாயையும் கட்டிப்போட்டிருந்தது.

சூப்பிரண்டிடம் ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாகடிச்சுடலாம்," என்றார்.

"யாரை சார்?"

"பசவப்பாவை. அட்டையில இறந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்குல்ல? போன வாரத் தேதியைப் போடும்மா. எண்பது வயசுக் கிழவன் செத்தா யாரு கேக்கப் போறா? அவரு வருவாரு, நாம வருத்தப்படுவோம், டீ கொடுத்து அனுப்பிடுவோம்."

அட்டையை என் முன்னால் தள்ளி, பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அதைவிடச் சுலபமான வழி இல்லை. பேனாவை வைக்கப் போனேன். என்ன தேதி போடுவது என்று யோசித்தபோதுதான், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கே உறைத்தது. இல்லாத மனிதனுக்கு நல்ல சாவு தேடிக்கொண்டிருக்கிறேன். "கொஞ்சம் வர்றேன் சார்," என்று சொல்லிவிட்டு அட்டையோடு டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். பிறகு தூக்கினார்.

"மாட்டுக்குக் கொம்புல வர்றதும் இதே புத்துதான். செல்லைப் பார்த்து மாடா மனுசனான்னு நான் சொல்ல முடியாது. என் ரிப்போர்ட் சரி. எண்பதுன்னு போட்டது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"எட்டுன்னே விட்டிருந்தா அடுத்த வாரமே நான் தளிக்கு ஆள் அனுப்பியிருப்பேன். அவர் மாட்டு டாக்டர்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை அட்டையைச் சரி பண்ணியிருக்கே?"

எத்தனை என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. பொருந்தாததைப் பார்த்தால் பொருத்திவிடுவது என் கைப்பழக்கமாகியிருந்தது. எதை எதை என்று குறித்து வைக்கவில்லை.

"நாளைக்கு அந்த அதிகாரிகிட்ட என்ன சொல்றதுன்னு நீயே முடிவு பண்ணு. அட்டை உன் கையெழுத்து," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மறுநாள் ஜூஜுவாடி எல்லைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் அதிகாரியின் ஜீப் பதினோரு மணிக்குத்தான் வந்தது. ஒல்லியான, அமைதியான மனிதர். ரத்தம் எடுக்கும் சாமான்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார். சூப்பிரண்டு கருப்புக் கோட்டில், பசவப்பாவுக்கு வாங்கிய மாலையை அதிகாரிக்குப் போடக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துணியை அவிழ்க்க மட்டும் மறந்துவிட்டார். தலைக்கு மேலே 'பெரியவர் பசவப்பா அவர்களே வருக' ஆடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு துக்கச் செய்தி," என்று ஆரம்பித்தார். "நம்ம பசவப்பா..."

"சாகல சார்," என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஜீப் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"பசவப்பா சாகல. அவர் மனுசன் இல்ல, உழவு மாடு. வயசு எட்டுதான். எண்பதுன்னு நான்தான் மாத்தினேன். யாரும் சொல்லல, யாரையும் கேக்கல, நானா மாத்தினேன்."

அதிகாரி என்னையே பார்த்தார். பிறகு சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு குரலைத் தாழ்த்தி, "சின்னப் பொண்ணு சார். வேலைப் பளு. ரெண்டு மூணு நாளா இப்படித்தான் ஏதாவது சொல்லிட்டிருக்கு," என்றார். அதிகாரி தலையாட்டினார். அவர் கண்ணில் எனக்காக இரக்கம் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அப்போது ரோட்டிலிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது.

முந்தின நாளே புறப்பட்டு, வழியில் ஒரு சத்திரத்தில் தங்கி, இரட்டை மாட்டு வண்டி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியது. வெங்கடப்பா வெள்ளை வேட்டியில் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியர், அவர் கையில் மடித்த காகிதத்தில் வரவேற்புக்கு ஒரு நன்றியுரை. இடது பக்கத்து மாட்டுக்கு இரண்டு கொம்பிலும் நீலச் சாயம். வலது பக்கத்து மாட்டுக்கு ஒற்றைக் கொம்பு. இன்னொன்று இருந்த இடத்தில் தழும்பு, அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. நோயாளி தன் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்.

"பசவப்பா வந்துட்டாருங்க," என்றார் வெங்கடப்பா. "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அதிகாரி மெதுவாக நடந்துபோய் அந்த மாட்டின் முன்னால் நின்றார். "வயசு என்ன?" என்று கேட்டார்.

"எட்டுங்க. பல்லு பூரா போட்டுடுச்சு, பாக்குறீங்களா?" என்று வெங்கடப்பா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மாட்டுக்குப் பல் போடுவது என்றால் முளைப்பதாம். நல்ல பற்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

மாடு தலையை நீட்டி, சூப்பிரண்டின் கையிலிருந்த மாலையைத் தின்ன ஆரம்பித்தது. அவர் அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நன்றியுரையைப் படித்தார், இரண்டு பக்கம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் அதிகாரி, "பொன்னாடை வாங்கியிருக்கீங்களாமே. அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு, போடுங்க," என்றார். சூப்பிரண்டு போட்டார். வெங்கடப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே இருந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் நடப்பதில் எந்த விநோதமும் தெரியவில்லை.

சிரிப்பு அங்கே முடிந்தது. டாக்டரம்மா படியிறங்கி வந்து, கன்னடத்தில் பேசிக்கொண்டே அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் அழுத்தினார். மாடு தலையை உதறியது. எத்தனை நாளாகக் கம்பத்தில் தேய்க்கிறது என்று கேட்டார். மூன்று மாதம் என்றார் வெங்கடப்பா. நான் லேசான தலைவலி என்று எழுதி அடுக்கி வைத்த மூன்று மாதம்.

"திரும்ப வருது. இன்னிக்கே பெங்களூர் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் காகிதம் தர்றேன், கொண்டுபோங்க," என்றார் டாக்டரம்மா. வெங்கடப்பா பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பொழைக்குமுங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா காகிதம் எழுத உள்ளே போய்விட்டார். மறுபடி அறுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரியாது. பதிவேட்டில் இல்லாதவருக்கு நலம் விசாரித்துக் கடிதம் போட எங்களுக்கு வழியில்லை.

சூப்பிரண்டு அட்டையைக் கிழித்துவிடலாம் என்றார். அதிகாரி அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். "கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு. என்ன தப்பு, யார் செய்தது, இன்று தேதி, கையெழுத்து. படிக்கிற மாதிரி இருக்கணும்," என்றார். எழுதினேன். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அவர் ஜீப்பில் ஏறும்போது மட்டும், "மாடுன்னு நீங்க முதல்ல சொன்னப்போ நான் நம்பலை. மன்னிச்சுக்குங்க," என்றார்.

வழக்கமாக இங்கேதான் நிறுத்துவேன்.

அடுத்த நாளிலிருந்து நானும் சின்னப்பனும் எல்லா அட்டைகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் அதனோடு வந்த டாக்டர் சீட்டோடு வைத்துப் பார்த்தோம். அவர் சீட்டை வாசிப்பார், நான் அட்டையை வாசிப்பேன். வாரக்கணக்கில் ஆனது. ஊர்ப் பெயர், வயது, இடம் வலம் என்று சின்னச் சின்னதாக நான் 'சரி' செய்தவை வந்துகொண்டே இருந்தன. ஒரு மத்தியானம் சின்னப்பன் ஒரு சீட்டை வாசித்தார்.

"முனுசாமி, ஐம்பது வயசு, ஆண், காவேரிப்பட்டினம். மார்புல கட்டி."

நான் அட்டையைப் பார்த்தேன். 'முனுசாமி மனைவி. பெண்.' என் கையெழுத்து. மார்பகப் புற்று ஆணுக்கு வராது, யாரோ ஒரு குமாஸ்தா, மனைவி பெயருக்குப் பதில் புருஷன் பெயரை எழுதிவிட்டான் என்று முடிவு செய்திருந்தேன். ஆணுக்கும் வரும். அபூர்வமாக வரும். அட்டையோடு இரண்டு பதில்கள் குத்தியிருந்தன. 'உடனே வந்து பார்க்கவும்' என்று திருமதி முனுசாமிக்கு நான் எழுதியதற்கு முதல் பதில்: 'எனக்கு ஒன்றும் இல்லை. நலமாக இருக்கிறேன்.' இரண்டாவதும் அதேதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் காவேரிப்பட்டினம் போனோம். முனுசாமிக்கு மாங்காய் மண்டியில் வேலை. வீடு மண்டிக்குப் பின்னால். கதவைத் திறந்த அவர் மனைவி கனகா, ஆஸ்பத்திரி என்று சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரமாட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லேன்னு ரெண்டு வாட்டி எழுதிப் போட்டேனே."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "உண்மையிலேயே இல்ல. அந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. நான் தப்பா எழுதிட்டேன்."

அவளுக்கு அது உடனே பிடிபடவில்லை. உட்காரச் சொன்னாள். தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மார்ல புத்துன்னுதானே எழுதியிருந்தீங்க? எந்த டாக்டருகிட்ட நான் போனேன், எப்ப எடுத்தாங்க, ஒண்ணும் புரியல. ஆனா இங்கிலீசுல சீல் வச்சு வந்திருக்குதே. பொய்யா இருக்குமா? தினம் குளிக்கறப்போ தடவித் தடவிப் பாப்பேன். இவருகிட்ட சொல்லல, பயந்துக்குவாருன்னு." சற்று நிறுத்தினாள். "பெரிய பொண்ணு ஸ்கூல் பைனல் படிச்சிட்டிருந்தா. நான் போறதுக்குள்ள கல்யாணத்தைப் பாத்துடணும்னு படிப்பை நிறுத்திக் கட்டிக் கொடுத்துட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"அப்ப யாருக்கும்மா அது?" என்றாள்.

முனுசாமி மண்டியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தார். உயரமான ஆள், முறுக்கின மீசை. மார்புக்குக் குறுக்கே துண்டைப் போர்த்தியிருந்தார், நல்ல வெயிலில். எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் உள்ளூர் டாக்டரிடம் கட்டியை எடுத்துக்கொண்டதையும், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரும் என்று அவர் சொன்னதையும், தகவலே வராததால் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டதையும் கதவோரம் நின்றபடியே சொன்னார். பொம்பளை நோவு என்று யாராவது சிரிப்பார்கள் என்று மனைவியிடமும் சொல்லவில்லை.

"துண்டை எடு," என்றாள் கனகா.

அவர் எடுக்கவில்லை. அவளே எழுந்துபோய் எடுத்தாள். பழைய தழும்பின் மேலேயே புதிதாக ஒன்று, புளியங்கொட்டை அளவு. கனகா அதைப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டாலேயே அவர் தோளில் நாலைந்து அடி அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். சின்னப்பன் வெளியே போய் நின்றுகொண்டார். எனக்குப் போக உரிமை இல்லை என்று தோன்றியதால் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பிழைத்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய ஆபரேஷன் செய்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். பல வருஷம் இருந்தார். ஒரு வருஷம் முன்னாலேயே வந்திருந்தால் அவ்வளவு பெரிய ஆபரேஷன் வேண்டியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார். அந்தப் பெண் படிப்பை மறுபடி தொடரவில்லை.

உங்கள் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தால், அங்கே ஏதோ ஓர் ஆள் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாடாகவும் இருக்கலாம். தொலைபேசியை எடுத்துக் கேளுங்கள். பதில் வரும்வரை சிவப்பு அப்படியே இருக்கட்டும், அதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. உங்கள் மேலதிகாரிக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்காமல் போகலாம்.

நாங்கள் போய்வந்ததற்கு அடுத்த நாள் முதல் பஸ்ஸில் முனுசாமியும் கனகாவும் வந்தார்கள். பதிவு மேஜையில் நானே உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. புது அட்டை ஒன்றை எடுத்து, முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"பேரு?"

"முனுசாமி."

"ஆணா, பெண்ணா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முனுசாமி மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கனகா சிரிக்கவில்லை. அவர் முதுகில் கை வைத்து மேஜைப் பக்கம் தள்ளினாள்.

"கேக்குறாங்க இல்ல? வாயைத் தொறந்து சொல்லு."

"ஆம்பளைங்க," என்றார்.

எழுதிக்கொண்டேன்.